தத்து உறுதியாகும் முன்னால் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிடுங்கள்

கேள்வி இது. டல்லாஸ் பக்கம் ஃப்ரிஸ்கோவில் இருக்கிறீர்கள். ஃபாஸ்டர் கேரில், அதாவது பெற்றவர்களிடமிருந்து பிரித்து அரசு வேறு குடும்பங்களிடம் வளர்க்கக் கொடுக்கும் ஏற்பாட்டில், இருந்த 7 வயது அண்ணனும் 4 வயது தங்கையும் சில மாதங்களாக உங்கள் வீட்டில் வளர்கிறார்கள். பெற்றவர்களின் உரிமையை கோர்ட் ஏற்கெனவே ரத்து செய்துவிட்டது. இன்னும் இரண்டு மாதத்தில் நீதிபதி முன்னால் தத்து உறுதியாகப் போகிறது. இந்த நேரத்தில் குழந்தைகளின் விவகாரத்தைக் கவனிக்கும் கேஸ் வொர்க்கர், ‘அடாப்ஷன் அசிஸ்டன்ஸ்’ என்று, தத்தெடுக்கும் குடும்பத்தோடு அரசு ஒப்பந்தம் போட்டுத் தரும் உதவிக்கான விண்ணப்பத்தைக் கொடுத்திருக்கிறார். ஊரில் இருக்கும் அப்பா, “பிள்ளை வளர்க்கிறதுக்கு கவர்மென்ட்ல காசு வாங்குறதா? நாளைக்கு நாலு பேர் என்ன பேசுவாங்க? வேண்டாம்னு எழுதிக் கொடுத்துடு” என்கிறார். இரண்டு பேருக்கும் நல்ல வேலை, பணத்துக்குக் கஷ்டமில்லை. வாங்கலாமா, வேண்டாமா?

வாங்குங்கள். மாதாமாதம் வரும் தொகையை நீங்கள் தொடவே வேண்டாம் என்று நினைத்தாலும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுங்கள். அதுவும் நீதிபதி தத்தை உறுதி செய்யும் நாளுக்கு முன்னால் போடுங்கள். நான் சொல்ல வேண்டியதில் முக்கியமானது இதுதான். ஏன் என்பதைச் சொன்னால்தான் அப்பாவுக்கும் உங்களால் பதில் சொல்ல முடியும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இந்த உதவி எப்படி வந்தது என்று முதலில் பார்ப்போம். அமெரிக்காவில் ஒரு குழந்தை ஃபாஸ்டர் கேரில் இருக்கும்வரை அதைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்துக்கு மாநில அரசு பராமரிப்புத் தொகை கொடுக்கும், மருத்துவச் செலவையும் பார்த்துக்கொள்ளும். ஒரு காலத்தில் அதே குடும்பம் அந்தக் குழந்தையைத் தத்தெடுத்தால் பெரும்பாலான இடங்களில் இவை நின்றுவிடும். அதாவது, குழந்தை யாருடைய பிள்ளையாகவும் ஆகாமல் இருக்கும்வரைதான் உதவி. ஒரு குடும்பம் அதைத் தன் பிள்ளையாக ஏற்றுக்கொண்ட மறுநாளே எல்லாச் செலவும் அவர்கள் தலையில். இதனால் நல்ல மனமுள்ள, ஆனால் வசதி குறைந்த எத்தனையோ குடும்பங்கள் தத்தெடுக்கத் தயங்கின. குழந்தைகள் வீடு மாறி வீடு மாறி 18 வயதை எட்டின. இதை மாற்றத்தான் 1980-இல் ஜிம்மி கார்ட்டர் ஆட்சியில் ஒரு மத்தியச் சட்டம் வந்தது. ஃபாஸ்டர் கேரிலிருந்து தத்துப் போகும் குழந்தைக்கான உதவியில் மத்திய அரசும் பங்கு போடத் தொடங்கியது. இப்போது ஆண்டுக்குச் சுமார் 50,000 குழந்தைகள் இப்படித் தத்துப் போகிறார்கள். அவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் இந்த உதவி ஏதோ ஒரு வடிவில் கிடைக்கிறது. ஆகவே நீங்கள் வாங்கினால் விதிவிலக்கு இல்லை. வாங்காமல் விட்டால்தான் விதிவிலக்கு.

யாருக்குக் கிடைக்கும்? சட்டம் மூன்று விஷயங்களைப் பார்க்கிறது. குழந்தை பெற்றவர்களிடம் திரும்பிப் போக முடியாத நிலை இருக்க வேண்டும். வயது, உடன்பிறந்தவர்கள், உடல் அல்லது மனநிலை என்று, உதவி இல்லாமல் அந்தக் குழந்தைக்கு வீடு கிடைப்பதைக் கடினமாக்கும் காரணம் ஒன்றாவது இருக்க வேண்டும். உதவி இல்லாமல் தத்துக் கொடுக்க முயன்று பார்த்திருக்க வேண்டும். ஆனால் குழந்தை ஏற்கெனவே உங்களோடு ஒட்டிக்கொண்டுவிட்டது, உங்களிடம் இருப்பதுதான் அதற்கு நல்லது என்றால், இந்த மூன்றாவதுக்காக வேறு வீடு தேடிப் போக வேண்டியதில்லை.

இரண்டாவது விஷயத்துக்கு மாநிலத்துக்கு மாநிலம் அளவுகோல் வேறு. டெக்சாஸில் 6 வயது நிரம்பிய குழந்தை தகுதி பெறும். அண்ணன் தம்பி, அக்கா தங்கை என்று சேர்ந்து ஒரே வீட்டுக்கு வரும் குழந்தைகள் தகுதி பெறுவார்கள். தத்துக் கிடைக்க அதிகக் காலம் எடுக்கும் இனக்குழுவைச் சேர்ந்த குழந்தை என்றால் 2 வயதே போதும். உடல், மன, உணர்வு சார்ந்த குறைபாடு மருத்துவரீதியாக உறுதியாகியிருந்தால் எந்த வயதானாலும் சரி. உங்கள் பையன் வயதாலேயே தகுதி பெறுகிறான், தங்கை அண்ணனோடு சேர்ந்து வருவதால் தகுதி பெறுகிறாள். இந்தக் குழந்தைகளை அரசுக் காகிதங்கள் ‘ஸ்பெஷல் நீட்ஸ்’ என்றுதான் குறிப்பிடும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம். ஓடியாடி விளையாடும் 7 வயதுப் பையனுக்கும் அதே பெயர்தான்.

இன்னொன்றைக் கவனியுங்கள், உங்கள் வருமானம் இந்தப் பட்டியலிலேயே இல்லை. நீங்கள் நிறையச் சம்பாதிக்கிறீர்கள் என்பதற்காக இந்த உதவியை மறுக்கக் கூடாது என்பது சட்டம். தொகை எவ்வளவு என்று பேசும்போது குடும்பச் சூழ்நிலையைக் கணக்கில் எடுக்கலாம், அவ்வளவுதான். பார்க்கப்படுவது குழந்தையின் நிலைமை.

இனி உதவியில் என்னென்ன அடக்கம் என்று பார்ப்போம். எல்லாரும் மாதத் தொகையைப் பற்றியே பேசுவார்கள். என் கணக்கில் மெடிக்கெய்ட்தான் முதலிடம். ஒப்பந்தம் இருக்கும் குழந்தைக்கு உங்கள் சம்பளம் எவ்வளவாக இருந்தாலும் அரசின் மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்ட் தொடரும். உங்கள் ஆபீஸ் இன்ஷூரன்ஸ் முதலில் கொடுக்கும். அது கொடுக்காத இடத்தை மெடிக்கெய்ட் நிரப்பும்.

எங்களிடம்தான் நல்ல இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்பீர்கள். காய்ச்சலுக்கும் எலும்பு முறிவுக்கும் அது போதும். ஃபாஸ்டர் கேர் வழியாக வரும் குழந்தைகளுக்கு வரும் பிரச்சினைகள் வேறு மாதிரி. அடியும் பசியும் பிரிவும் பார்த்து வளர்ந்த குழந்தை 4 வயதில் சிரித்துக்கொண்டே இருக்கும். 11, 12 வயதில் அது வேறு வடிவில் வெளியே வரும். தாய் கர்ப்பத்தில் இருந்தபோது மது குடித்திருந்தால் அதன் பாதிப்பு பல குழந்தைகளிடம் பள்ளிப் பாடம் கடினமாகும் வயதில்தான் தெளிவாகத் தெரியும். அப்போது வாராவாரம் தெரபி வேண்டியிருக்கும். ஒரு மணி நேரத்துக்கு 150, 200 டாலர் கேட்கும் தெரபிஸ்ட்கள் உண்டு, அவர்களில் பலர் இன்ஷூரன்ஸே எடுத்துக்கொள்வதில்லை. சில குழந்தைகளுக்குச் சில மாதங்கள் மருத்துவ விடுதியில் தங்கிச் சிகிச்சை பெறும் நிலைகூட வரும். அந்த பில்லைத் தாங்கும் இரட்டைச் சம்பளக் குடும்பம் அதிகம் இல்லை. எல்லாக் குழந்தைக்கும் இது நடக்கும் என்று சொல்லவில்லை, உங்கள் இருவரும் நன்றாக வளரட்டும். ஆனால் வருமா வராதா என்று இன்றைக்கு யாராலும் சொல்ல முடியாது. அதற்குத்தான் இந்த ஒப்பந்தம்.

சரி, மாதத் தொகைக்கு வருவோம். தத்துக்குப் பிறகு கொடுக்கும் தொகை, அதே குழந்தை ஃபாஸ்டர் கேரில் இருந்தால் கொடுக்கும் தொகையைத் தாண்டக் கூடாது என்பது மத்திய விதி. அதற்குள் எவ்வளவு என்பது மாநிலத்தைப் பொறுத்தது. டெக்சாஸ் தாராளமான மாநிலம் இல்லை. குழந்தைக்கு எவ்வளவு கவனிப்பு தேவை என்பதை வைத்து அரசு வகுக்கும் பராமரிப்பு நிலைகளில், அடிப்படை நிலையில் உள்ள குழந்தைக்கு மாதம் 400 டாலர் வரை, அதற்கு மேற்பட்ட நிலைகளில் இருப்பவர்களுக்கு 545 டாலர் வரை என்பதுதான் இங்கே நீண்ட காலமாக இருந்துவரும் உச்சவரம்பு. ஃபாஸ்டர் பெற்றோராக நீங்கள் இப்போது வாங்கும் தொகையைவிட இது குறைவு என்பதால், அதை வைத்து டேகேர் கட்டணம் கட்டிவருகிறீர்கள் என்றால் கணக்கை இப்போதே போட்டு வையுங்கள். இந்த உதவித்தொகைக்குப் பொதுவாக வருமான வரி கிடையாது. 18 வயது வரை வரும். குழந்தைக்குத் தீவிரமான உடல் அல்லது மனக் குறைபாடு இருந்தால் 21 வரை நீளலாம். 16 வயதுக்கு மேல் ஒப்பந்தம் போடப்பட்ட பிள்ளைகளுக்கும் டெக்சாஸில் 21 வரை நீட்டிக்க வழி இருக்கிறது.

உங்கள் இருவரையுமே அடிப்படை நிலை என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். தங்கைக்கு இன்னும் 14 வருடம், அண்ணனுக்கு 11 வருடம். மாதம் 400 என்றால் அவளுக்கு 67,200, அவனுக்கு 52,800. மொத்தம் ஒரு லட்சத்து இருபதாயிரம் டாலர். உங்களுக்குத் தேவையில்லை என்றால் ஒரு சென்ட்கூட எடுக்காமல் இரண்டு பேர் பெயரிலும் 529 கல்விக் கணக்கில் போட்டுவாருங்கள். பின்னால் இருவரில் ஒருவருக்குக் குறைபாடு உறுதியானால் அதற்கென்றே இருக்கும் ஏபிள் கணக்கில் சேர்க்கலாம். இப்படிச் சேரும் பணத்தை “பெற்றோர் வாங்கித் தின்றார்கள்” என்று யாராலும் சொல்ல முடியாது.

டெக்சாஸில் பலர் கவனிக்காமல் விடும் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். அடாப்ஷன் அசிஸ்டன்ஸ் ஒப்பந்தம் உள்ள பிள்ளைகளுக்கு மாநில அரசுக் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் கல்விக் கட்டண விலக்கு உண்டு. ஆனால் சட்டத்தின் வாசகத்தைப் படித்தால், மாதத் தொகையும் மருத்துவ உதவியும் தரும் ஒப்பந்தமாக அது இருக்க வேண்டும், ஒரு தடவை செலவைத் திருப்பித் தருவதோடு நிற்கும் ஒப்பந்தம் போதாது என்று தெளிவாக இருக்கிறது. “எங்களுக்கு மாதப் பணம் வேண்டாம், வக்கீல் செலவை மட்டும் கொடுங்கள்” என்று பெருந்தன்மையாக எழுதிக் கொடுக்கும் பெற்றோர், தங்களுக்கே தெரியாமல் பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்தையும் சேர்த்து வேண்டாம் என்று சொல்லிவிடுகிறார்கள். மனசு உறுத்தினால் தொகையைக் குறைத்துக் கேளுங்கள், ஆனால் டெக்சாஸில் பூஜ்யம் என்று எழுதாதீர்கள். வேறு சில மாநிலங்களில் இப்போதைக்குப் பணம் இல்லாமல், தேவை வந்தால் தொடங்கலாம் என்று ஒப்பந்தத்தை மட்டும் போட்டு வைக்கும் முறை நன்றாகவே வேலை செய்கிறது. அங்கே இருக்கும் உறவினர் சொல்வதைக் கேட்டு நீங்களும் அதையே செய்ய வேண்டாம்.

இப்போது தேதி விஷயம். ஒப்பந்தத்தில் நீங்களும் மாநில அரசின் சார்பில் கையெழுத்துப் போடுபவரும் தத்து உறுதியாகும் முன்னால் கையெழுத்திட்டிருக்க வேண்டும். தீர்ப்பு வந்த பிறகு மனம் மாறினால் கதவு கிட்டத்தட்ட மூடிவிடும். அதன்பிறகு முறையீட்டு விசாரணை என்று ஒரு வழி இருக்கிறது. குழந்தையைப் பற்றி மாநில அரசுக்குத் தெரிந்திருந்த ஒரு விஷயத்தை உங்களிடம் சொல்லவில்லை, அல்லது இப்படி ஒரு உதவி இருப்பதையே சொல்லவில்லை என்பது போன்ற குறிப்பிட்ட காரணங்களை நிரூபித்தால்தான் அதில் ஜெயிக்க முடியும். உங்களிடமோ விண்ணப்பத்தையே கையில் கொடுத்துவிட்டார்கள். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, பத்து வருடம் கழித்துப் போய் “அப்போது தெரியவில்லை” என்று சொல்ல முடியாது.

கையெழுத்துப் போட்டுவிட்டால் நிலைமை உங்கள் பக்கம் பலமாகிவிடும். உங்கள் சம்பளம் கூடியது என்று நிறுத்த முடியாது. மாநிலம் முழுவதும் ஃபாஸ்டர் கேர் தொகையையே குறைத்தால் ஒழிய, உங்கள் சம்மதம் இல்லாமல் தொகையைக் குறைக்கவும் முடியாது. குழந்தையின் தேவை கூடினால் தொகையை உயர்த்தச் சொல்லி நீங்கள் எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம், மறுத்தால் மேல்முறையீடு செய்யலாம். ஆனால் டெக்சாஸில் அந்த உச்சவரம்பைத் தாண்டாது. அதனால்தான் இப்போதே குழந்தைகள் எந்தப் பராமரிப்பு நிலையில் பதிவாகியிருக்கிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளச் சொல்கிறேன். அண்ணனுக்கு இரவில் தூக்கம் வருவதில்லை, பள்ளியில் அடிக்கடி சண்டை என்று ஏதாவது இருந்தால் மருத்துவரிடமோ உளவியலாளரிடமோ காட்டி அதைக் காகிதத்தில் ஏற்றுங்கள். நிலையை மறுமதிப்பீடு செய்யச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை. சிலர், குறையை எழுதினால் தத்துக்கே இடைஞ்சலாகிவிடுமோ என்று மறைக்கிறார்கள். அப்படி எதுவும் ஆகாது.

வேலைக்காக கலிபோர்னியாவுக்கோ நியூ ஜெர்சிக்கோ மாறினால்? ஒப்பந்தம் கூடவே வரும். மாதத் தொகையை டெக்சாஸ்தான் தொடர்ந்து அனுப்பும், மெடிக்கெய்டைப் புது மாநிலம் கொடுக்கும். இதற்காகவே மாநிலங்களுக்கு இடையில் ஓர் உடன்படிக்கை இருக்கிறது. ஒரே ஒரு கேள்வியை இப்போதே கேட்டு வையுங்கள்: இந்த ஒப்பந்தத்தில் மத்திய அரசின் பணம் இருக்கிறதா, மாநிலத்தின் சொந்தப் பணம் மட்டும்தானா? மத்தியப் பணம் என்றால் எந்த மாநிலத்திலும் மெடிக்கெய்ட் தானாகக் கிடைக்கும். மாநிலப் பணம் மட்டும் என்றால் போகும் இடத்தைப் பொறுத்தது. நிரந்தரமாக ஊருக்கே திரும்பும் எண்ணம் இருந்தால், மெடிக்கெய்ட் சென்னையில் செல்லாது என்பதையும் மனதில் வையுங்கள்.

தத்தெடுக்க ஆகும் செலவைத் திருப்பித் தருவது தனி. மத்திய விதிப்படி ஒரு குழந்தைக்கு 2,000 டாலர் வரை போகலாம், டெக்சாஸ் 1,200 வரை தருகிறது. வக்கீல் கட்டணம், கோர்ட் கட்டணம், வீட்டு ஆய்வு எல்லாம் இதில் வரும். ரசீதுகளை எடுத்து வையுங்கள். ஃபாஸ்டர் கேர் வழித் தத்துக்குப் பெரும்பாலும் இதற்கு மேல் பெரிதாகச் செலவு ஆகாது. தனியார் ஏஜென்சி மூலம் பச்சிளம் குழந்தையைத் தத்தெடுக்க பல பத்தாயிரம் டாலர் ஆகிறது என்று நண்பர்கள் சொல்லும் கணக்கு வேறு வழிக்கானது. அதை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அடுத்து வருமான வரி. இங்கேதான் நம்மவர்கள் பெரிய தொகையைத் தவற விடுகிறார்கள். மத்திய அரசின் தத்து வரிச் சலுகை 2025-ஆம் ஆண்டுக்கு ஒரு குழந்தைக்கு 17,280 டாலர். ஒவ்வோர் ஆண்டும் விலைவாசிக்கு ஏற்ப கொஞ்சம் மாறும். மற்ற தத்துகளில் உண்மையில் செலவழித்த தொகைக்குத்தான் சலுகை. ஃபாஸ்டர் கேரிலிருந்து வரும், மாநில அரசு ‘ஸ்பெஷல் நீட்ஸ்’ என்று தீர்மானித்த குழந்தைக்கு ஒரு டாலர்கூடச் செலவாகாவிட்டாலும் முழுத் தொகையையும் கேட்கலாம். இரண்டு குழந்தைக்கு 34,560. அந்தத் தீர்மானத்துக்கு நல்ல சாட்சி எது தெரியுமா? நீங்கள் வேண்டாம் என்று எழுதிக் கொடுக்க நினைத்த அதே ஒப்பந்தம்தான். வரித் துறையான ஐஆர்எஸ் கேட்டால் அதைக் காட்டினால் போதும்.

2025-இல் ஒரு மாற்றம் வந்தது. அதற்கு முன் பல ஆண்டுகளாக இந்தச் சலுகை நீங்கள் கட்ட வேண்டிய வரியைக் குறைக்கும், அவ்வளவுதான். வரி குறைவாகக் கட்டுபவர்களுக்குப் பயன் குறைவு. இப்போது, 2025 கணக்குப்படி ஒரு குழந்தைக்கு 5,000 டாலர் வரை, கட்ட வேண்டிய வரி இல்லாவிட்டாலும் கையில் திரும்பி வரும். மிச்சத்தை ஐந்து ஆண்டுகள் வரை அடுத்தடுத்த வரிகளில் கழித்துக்கொள்ளலாம். ஒற்றைச் சம்பளத்தில் இருக்கும் குடும்பங்களுக்கும், பேரப்பிள்ளையைத் தத்தெடுக்கும் தாத்தா பாட்டிகளுக்கும் இது மிகவும் நல்ல செய்தி.

உங்களுக்கு இதில் ஒரு சிக்கல் இருக்கலாம். ஒப்பந்தத்துக்கு வருமான வரம்பு இல்லை, வரிச் சலுகைக்கு உண்டு. 2025 கணக்குப்படி, சில கழிவுகள் போக மிஞ்சும் ‘சரிக்கட்டிய வருமானம்’ 259,190 டாலரைத் தாண்டினால் சலுகை தேயத் தொடங்கும். 299,190-ஐத் தொட்டால் ஒன்றும் கிடையாது. நடுவில் 279,190 என்றால் சரியாகப் பாதி. ஐடி வேலையில் இருக்கும் கணவன் மனைவிக்கு போனஸ், பங்கு எல்லாம் சேர்ந்தால் இந்தக் கோட்டைத் தாண்டுவது எளிது. ‘ஸ்பெஷல் நீட்ஸ்’ தத்தில் இந்தச் சலுகையைக் கேட்க வேண்டிய ஆண்டு, தத்து உறுதியான ஆண்டு. அந்த ஆண்டின் வருமானம்தான் பார்க்கப்படும். எனவே ஓய்வுக்காலச் சேமிப்பான 401(கே), மருத்துவச் செலவுக்கான ஹெல்த் சேவிங்ஸ் கணக்கு ஆகியவற்றில் அந்த ஆண்டு எவ்வளவு போட முடியுமோ அவ்வளவு போடுங்கள், பங்குகளை விற்பதை அடுத்த ஆண்டுக்குத் தள்ளுங்கள். இதற்காகக் கோர்ட் தேதியை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். “எப்போ நான் உங்க பிள்ளை ஆவேன்” என்று காத்திருக்கும் 7 வயதுப் பையனுக்கு அந்த மாதங்கள் மிக நீளமானவை.

இந்தச் சலுகையைக் கேட்பதற்கான வரிப் படிவம் 8839. வரி போட்டுக் கொடுப்பவர் தத்தெடுப்பைப் பார்க்காதவராக இருந்தால், செலவு ரசீது எங்கே என்று கேட்டு, இல்லை என்றதும் அதை விட்டுவிடுவார். ஃபாஸ்டர் கேர் வழித் தத்து, ஸ்பெஷல் நீட்ஸ், ரசீது தேவையில்லை என்று நீங்களே எடுத்துச் சொல்லுங்கள்.

உங்கள் கம்பெனியிலும் கேளுங்கள். பெரிய கம்பெனிகள் பலவற்றில் தத்தெடுப்புக்கு என்று பணம் கொடுக்கும் திட்டம் இருக்கிறது, கேட்பவர்கள்தான் குறைவு. அந்தப் பணத்துக்கும் வரிச் சலுகைக்கு உள்ள அதே அளவு வரை, அதே வருமான வரம்புக்குள், வருமான வரி விலக்கு உண்டு. ஒரே செலவை இரண்டு பக்கமும் காட்டக் கூடாது. அப்புறம், ஆபீஸ் இன்ஷூரன்ஸில் குழந்தைகளைச் சேர்க்க, அவர்கள் தத்துக்காக உங்கள் வீட்டில் அதிகாரபூர்வமாக வைக்கப்பட்டதிலிருந்து 30 நாள் அவகாசம்தான் இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தவறவிட்டால் வருடக் கடைசி வரை காத்திருக்க நேரும். 50 பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்தில் தேவையான காலம் வேலை பார்த்திருந்தால், சம்பளம் இல்லாத 12 வார விடுப்பு சட்டப்படியே உண்டு. சம்பளத்தோடு விடுப்பு தருவது கம்பெனியின் விருப்பம்.

பெற்ற தாயோ தகப்பனோ இறந்துபோய், அதன் பேரில் குழந்தைக்கு சோஷியல் செக்யூரிட்டி பணம் வந்துகொண்டிருந்தால், தத்தெடுத்ததால் அது நிற்காது. இதைப் பலர் அறியாமல் விட்டுவிடுகிறார்கள். எஸ்எஸ்ஐ எனப்படும் ஊனமுற்றோர் உதவி வேறு மாதிரி. தத்துக்குப் பிறகு உங்கள் வருமானத்தைப் பார்ப்பார்கள் என்பதால் உங்கள் விஷயத்தில் அநேகமாக நின்றுவிடும்.

இதைப் படிக்கும் வேறு சிலருக்காக இரண்டொரு வார்த்தை. பதின்வயதுப் பிள்ளைகளைத் தத்தெடுக்க யோசிப்பவர்கள், கல்லூரிச் செலவை நினைத்துப் பின்வாங்க வேண்டாம். 13 வயது நிரம்பிய பிறகு ஒரு நாளாவது ஃபாஸ்டர் கேரில் இருந்த பிள்ளை, கல்லூரி உதவிக்கான ஃபாஃப்சா விண்ணப்பத்தில் தனித்து நிற்பவராகக் கருதப்படும். தத்தெடுத்த உங்கள் வருமானத்தைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். 16 வயதுக்குப் பிறகு தத்துப் போன பிள்ளைக்கு ஆண்டுக்கு 5,000 டாலர் வரை படிப்பு உதவி தரும் மத்தியத் திட்டமும் இருக்கிறது. அக்காள் பிள்ளை, தம்பி பிள்ளை என்று உறவுக் குழந்தை ஃபாஸ்டர் கேருக்குப் போய், அதைத் தத்தெடுக்காமல் காப்பாளராக மட்டும் இருக்க விரும்புகிறவர்களுக்கு, பெரும்பாலான மாநிலங்களில் இதே மாதிரி காப்பாளர் உதவித்தொகை உண்டு. ஹெச்-1பி விசாவில் இருப்பவர்கள், தத்தெடுக்க முடியுமா என்பதையே முதல் போன் காலில் கேட்டுவிடுங்கள், மாநிலத்துக்கும் ஏஜென்சிக்கும் ஏற்ப விதி மாறுகிறது. வேறு இனத்துக் குழந்தை என்பதற்காகத் தத்தைத் தாமதிக்கவோ மறுக்கவோ கூடாது என்று 1994, 1996 சட்டங்கள் சொல்கின்றன. அமெரிக்கப் பூர்வகுடிக் குழந்தைகளுக்கு மட்டும் 1978-ஆம் ஆண்டின் தனிச் சட்டம்.

அப்பாவிடம் என்ன சொல்வது? ஊரில் தத்தெடுத்த பிறகு மாதாமாதம் அரசாங்கம் பணம் அனுப்பி யாரும் பார்த்ததில்லை, அதனால் அவருக்கு இது இனாம் மாதிரி தெரிகிறது. அவர் கோபத்தில் இருப்பது உங்கள் மேல் உள்ள அக்கறைதான். அவரிடம் இதைச் சொல்லுங்கள்: இந்த இரண்டு குழந்தைகளையும் கோர்ட் உத்தரவு போட்டு அவர்கள் வீட்டிலிருந்து எடுத்தது மாநில அரசு. அன்றைக்கே அவர்களை வளர்த்து ஆளாக்கும் கடமை அரசின் தலையில் ஏறிவிட்டது. அவர்கள் பட்டதில் சிலவற்றுக்குக் காலம் முழுக்க வைத்தியம் தேவைப்படலாம். அந்தக் கடமையில் ஒரு பங்கை அரசு தொடர்ந்து செய்கிறது, அது குழந்தைகளுக்குச் சேர வேண்டியது. அதை வேண்டாம் என்று சொல்லும் உரிமை நமக்கு உண்டா என்று அவரையே கேளுங்கள். பேரன் பேத்தியின் பங்கை விட்டுக்கொடு என்று எந்தத் தாத்தாவும் சொல்ல மாட்டார்.

மற்ற சொந்தக்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. குழந்தைகள் எங்கிருந்து வந்தார்கள், என்ன உதவி வருகிறது என்பதெல்லாம் அவர்களுடைய சொந்த விஷயம். பொங்கல் விழாவில் யாராவது கேட்டால் பேச்சை மாற்றுங்கள். குழந்தைகளிடம் மட்டும் மறைக்காதீர்கள். கொஞ்சம் வளர்ந்ததும், உங்கள் பெயரில் இப்படி ஒரு தொகை வருகிறது, இந்தக் கணக்கில் இருக்கிறது என்று நீங்களே சொல்லிவிடுங்கள். அவர்களாகக் கண்டுபிடித்து, “இதுக்காகத்தான் எங்களை எடுத்தீங்களா” என்று 15 வயதில் கேட்கும் நிலை வரக் கூடாது.

இந்த வாரமே செய்ய வேண்டியது: கேஸ் வொர்க்கருக்கு மின்னஞ்சல் எழுதுங்கள். போனில் பேசினாலும், பேசியதை எழுத்தில் அனுப்புங்கள். இரண்டு பேரின் முழு மருத்துவ, பள்ளிக் கோப்பு, தற்போதைய பராமரிப்பு நிலை, ஒப்பந்தத்தில் மத்தியப் பணமா மாநிலப் பணமா, மாதத் தொகை எவ்வளவு, மெடிக்கெய்ட் எந்த நாளில் புது எண்ணுக்கு மாறும், தத்துக்குப் பிறகான ஆலோசனை சேவையை உங்கள் பகுதியில் யார் நடத்துகிறார்கள் என்று கேளுங்கள். கோர்ட் தேதி குறிக்கும் வக்கீலிடமும், இரு தரப்பும் கையெழுத்திட்ட ஒப்பந்த நகல் கைக்கு வராமல் விசாரணைக்குப் போக வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனி ஒப்பந்தம் வரும். இரண்டிலும் தேதியைச் சரிபாருங்கள். அதன் நகலை வரிக் கோப்பில் ஒன்றும் குழந்தைகளின் கோப்பில் ஒன்றுமாக வைத்துக்கொள்ளுங்கள்.